ஒரே தட்டில் இரண்டு ஊசி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சாங்வி மாவு மில்லின் முன்னால் வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் சட்டென்று முந்தானையை இழுத்துத் தங்கள் டப்பாக்களை மூடினார்கள். முகத்தை மூடவில்லை, டப்பாவைத்தான் மூடினார்கள். வறுத்துக் கொண்டுவந்த தானியத்தில் கரி விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் அவர்களுடைய கவலை.

மில்லின் தகரக் கூரைக்கு மேலே புகைபோக்கி ஓர் ஆள் உயரம் நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வந்த புகை மேலே போகவில்லை. நனைந்த கம்பளி மாதிரிக் கனத்துக் கீழே இறங்கியது. நல்ல கறுப்பு. கூடவே சத்தம். டீசல் என்ஜின் என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும். ஆனால் இது உள்ளே யாரோ சுத்தியலை வைத்துக்கொண்டு வெளியே வர வழி தேடுகிற மாதிரிச் சத்தம். ஒவ்வோர் அடிக்கும் தகரக் கதவு நடுங்கியது.

வரிசையில் இரண்டாவதாக நின்ற ஓர் அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் மராத்தியில் சொன்னாள்: "நல்லாத்தானே ஓடிட்டிருந்தது? யாரோ ரிப்பேர் பண்ணிட்டாங்க போல."

அந்த யாரோ நான்தான். சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு, ஸ்பேனர் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, அவளுக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

பட்டாளத்துச் சரக்கு

மில் மைதீன் பாயுடையது. அவர் மேலப்பாளையத்துக்காரர். நான் அம்பாசமுத்திரம் பக்கம். ஊரிலேயே இருந்திருந்தால் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்திருக்கப் போவதில்லை. புனாவை அடுத்த கட்கி பஜாரில் அவருடைய அத்தர்க் கடையைத் தாண்டிப் போகும்போது, உள்ளே அவர் யாரிடமோ நம் ஊர்ப் பேச்சில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சண்டையைக் கேட்பதற்காகவே நின்றேன். பழக்கம் அப்படித் தொடங்கியது.

காலையில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாங்வியில் மில், மாலையில் கட்கியில் கடை என்று அவருக்கு நாள் இரண்டாகப் பிரிந்திருக்கும். அவர் பக்கத்தில் வந்தால் கம்பு மாவும் மல்லிகை அத்தரும் கலந்து மணக்கும்.

அப்போது சாங்வி ஒரு கிராமம். சோளக்கொல்லை, கரும்புத் தோட்டம், ஆற்றில் கிடக்கும் எருமைகள். மின்சாரம் வந்திருக்கவில்லை. புனாவில் பெரிய வெள்ளம் வந்த வருஷத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி என்று ஞாபகம். சக்கி என்று அங்கே சொல்லும் மாவு மில்லை ஓட்ட டீசல் என்ஜின்தான் வழி. பாயின் என்ஜின், யுத்தம் முடிந்து ஏலத்தில் போன பட்டாளத்துச் சரக்கு. இரண்டு சிலிண்டர். பச்சை வர்ணத்தைச் சுரண்டினால் அதற்கடியில் இன்னொரு பச்சை. அதோடு ஒரு இங்கிலீஷ் புத்தகமும் வந்திருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தமிழ் படிப்பேன், எழுதுவேன். அந்தப் புத்தகத்தில் படம் மட்டும் பார்ப்பேன்.

கட்கி ஃபேக்டரியில் எனக்கு வேலை, மெஷின்களைத் துடைத்து எண்ணெய் விடுவதும், ஃபிட்டர் கேட்கிற சாமானை எடுத்துக் கொடுப்பதும். எடுத்துக் கொடுக்கிறவன் கண் சும்மா இருக்காது. பல வருஷம் பார்த்ததில் பிரித்துப் பூட்டுகிற வேலை கைக்கு வந்துவிட்டது. ஆனால் அங்கே இருந்ததெல்லாம் கரண்டில் ஓடும் மெஷின்கள்.

தசராவுக்கு முன்னால் பாயின் என்ஜின் இழுவை குறைந்து திணறியது. உள்ளே கரி பிடித்திருந்தது. நகரத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைக்கலாமா என்று அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தபோது, "நான் பாக்கேன் பாய்" என்றேன்.

பாய் திரும்பி, பேசியது யார் என்று கடைக்குள் தேடினார்.

அவர் தேடியதில் நியாயம் உண்டு. என் கூச்சத்தைப் பற்றி ஒரு சங்கதி சொல்கிறேன். கட்கிக்கு வந்த புதிதில் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். கடைக்காரர் ஏதோ கேட்டார். புரியாமல் தலையை ஆட்டினேன். மீசையில் ஒரு பக்கம் போய்விட்டது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நான் மறுபக்கத்தையும் அவருக்கு வாகாகத் திருப்பிக் காட்டினேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி செண்பகம் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாயிடமும் அவள்தான் சொன்னாள். அதன் பிறகு பஜாரில் என்னைத் தெரியாதவர்களுக்கும் என் மீசையைத் தெரியும்.

அப்படிப்பட்டவன் முதல் முறையாக, கேட்காமலே, நான் செய்கிறேன் என்று சொன்ன வேலை இது.

அடுப்படியில் என்ஜின்

தசரா வாரம் மில்லுக்கு விடுமுறை. என்ஜினின் இரண்டு ஹெட்டையும், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடிகளை, கழற்றி, குதிரை டாங்காவில் ஏற்றி, கட்கியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு நாள் அடுப்படி ஒர்க்‌ஷாப் ஆனது. வால்வுகளைப் பசை தடவித் தேய்க்கும்போது வரும் சரசரப்பு, ஈர அரிசியைக் களைகிற சத்தம் மாதிரி இருக்கும். செண்பகம் அந்தப் பக்கம் நிஜமாகவே அரிசி களைந்துகொண்டிருப்பாள். எது எந்தச் சத்தம் என்று தெரியாது.

கடைசியில் நாசில்கள். டீசலைச் சிலிண்டருக்குள் பனி மாதிரித் தெளிக்கிற சின்ன உறுப்பு இது. கட்டைவிரல் அளவில் ஓர் எஃகு உடல். அதற்குள் ஏறி இறங்கும் ஓர் ஊசி. சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு. ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, மூங்கில் குச்சியால் கரி எடுத்து, செய்தித்தாள் மேல் உடலுக்குப் பக்கத்தில் அதனதன் ஊசியை வைத்தேன். ஒழுங்காக இருக்கட்டுமே என்றுதான் வைத்தேன். அதற்குக் காரணம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

மறுநாள் ஆயுத பூஜை.

எங்கள் வீட்டில் அன்றைக்குச் சுத்தியலிலிருந்து அரிவாள்மணை வரை எல்லாவற்றையும் கழுவிச் சாமி முன்னால் வைத்துவிடுவோம். மறுநாள் காலை வரை எதையும் தொடக் கூடாது. செண்பகம் காய்கூட முந்தின நாளே நறுக்கிவிடுவாள்.

"இதையெல்லாம் பூட்டிட்டு வச்சிரட்டுமா?" என்று நாசில்களைக் காட்டிக் கேட்டேன்.

"பூட்டிட்டா எங்கன பொட்டு வைக்க? அதுவும் உழைக்கிற சாமான்தான? நீங்க எந்திரிங்க, நான் வச்சுக்கிடுதேன்."

என் ஸ்பேனர்களுக்கு நடுவே பித்தளைத் தாம்பாளத்தில் பாயின் நாசில்களும் உட்கார்ந்தன. புளி போட்டுத் தேய்த்தாளோ என்னவோ, கடையில் வாங்கினதுபோல் பளபளத்தன. உடல்கள் இரண்டும் ஒரு பக்கம், ஊசிகள் இரண்டும் இன்னொரு பக்கம். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஆளுக்கொரு செவ்வந்திப் பூ. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. சுண்டல் வாங்க வந்த பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள்கூட, இது என்ன சாமி என்று கேட்டார்கள்.

விஜயதசமி காலையில் பூவை எடுத்தேன். குங்குமம் போகச் சுத்தமான டீசலில் கழுவினேன். கைக்கு வந்த ஊசியை எடுத்து ஓர் உடலில் விட்டேன். கொஞ்சம் இறுக்கமாக இறங்கியது. மற்றது வழுக்கிக்கொண்டு விழுந்தது. கழுவின புதிதில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் மில்லுக்குக் கொண்டுபோய் மாட்டினேன்.

இரண்டு நோயா, ஒரு நோயா

இப்போது மறுபடியும் மில் வாசலுக்கு வருகிறேன்.

தீபாவளிக்கு அங்கே வீட்டுக்கு வீடு சக்லி சுடுவார்கள். நம் முறுக்குதான். அரிசி, கடலைப்பருப்பு, உளுந்து எல்லாவற்றையும் வறுத்து, சேர்த்து அரைத்த மாவில் சுடுவது. அந்த மாவுக்குப் பாஜணி என்று பெயர். தசராவுக்கும் தீபாவளிக்கும் நடுவில் இருக்கும் இருபது நாள்தான் சாங்வி மில்லுக்கு அறுவடைக் காலம். அப்போது பார்த்து என்ஜின் இப்படி ஆனால், பெண்கள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆற்றைத் தாண்டிக் கட்கியில் இருக்கும் கரண்ட் மில்லுக்குப் போய்விடுவார்கள். ஒரு முறை போனவர்கள் திரும்ப வருவது சந்தேகம்.

"என்னவே இது? என்ஜினா, பீரங்கியா?" என்றார் பாய், என் காதில் வாயை வைத்து.

நான் தெரிந்ததையெல்லாம் பார்த்தேன். காற்று போகும் வடிகட்டியைக் கழற்றினேன், சுத்தமாக இருந்தது. வால்வு இடைவெளியைத் தகடு விட்டுப் பார்த்தேன், சரி. பிறகு, ஓடும்போதே ஒரு சிலிண்டருக்குப் போகும் டீசல் குழாயைத் தளர்த்தினேன். எந்தச் சிலிண்டரை நிறுத்தினால் கோளாறு நிற்கிறதோ, அதில்தான் நோய்.

முதல் குழாயைத் தளர்த்தியதும் சுத்தியல் சத்தம் அடங்கியது, புகை அடங்கவில்லை. அதை இறுக்கிவிட்டு இரண்டாவதைத் தளர்த்தினேன். புகை குறைந்தது, சுத்தியல் மறுபடியும் அடித்தது.

ஒரு பக்கம் சத்தம், ஒரு பக்கம் புகை. ஒரே நாளில் இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனியே நோய் வருமா? வராது. அப்படியானால் இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று. இரண்டுக்கும் பொதுவாகப் போவது டீசல்.

நாசில்களை நான் சந்தேகிக்கவே இல்லை. என் கையால் அவ்வளவு கவனமாகச் சுத்தம் செய்தவை அல்லவா.

"டீசலா இருக்குமோ" என்று முணுமுணுத்தேன்.

"என்ன சொன்னீரு?"

"ஒண்ணுமில்ல பாய். டீசலா இருக்குமோன்னு..."

பாய்க்கு அவ்வளவு போதும். அவர் நல்ல மனிதர். கோபம் மட்டும் அவரை முந்திக்கொண்டு போய்விடும்.

தோண்டிபாவின் வண்டி

டீசல் கொண்டுவந்து போடுகிறவர் தோண்டிபா. ஒற்றை மாட்டு வண்டியில் டிரம்களை வைத்துக்கொண்டு ஆற்றோரத் தோட்டங்களுக்கெல்லாம் பம்ப் என்ஜினுக்கு டீசல் போடுவார். வெள்ளைத் தொப்பி, எண்ணெய்க் கறை படிந்த சட்டை, கனத்த குரல். அன்றைக்கு அவருடைய கெட்ட நேரம், வண்டி அப்போதுதான் மில் வாசலுக்கு வந்தது.

"தண்ணி கலந்த எண்ணெயை ஊத்திட்டுப் போனா என்ஜின் இப்படித்தான் கத்தும்" என்று பாய் பாதி மராத்தியும் பாதி ஹிந்தியுமாகக் கத்தினார். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"பாய், என் வண்டியில தண்ணி வர்றது மாடு குடிக்க மட்டும்தான்" என்றார் தோண்டிபா.

"கொண்டு போ உன் டிரம்மை. இனிமே இந்தப் பக்கம் வராதே."

தோண்டிபா மெல்லத் திரும்பினார். வரிசையைப் பார்த்தார். அவர் டீசல் போடுகிற வீடுகளின் பெண்கள் பாதிப் பேராவது அதில் நின்றார்கள். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஸ்பேனரைத் துடைத்தேன். அது ஏற்கெனவே துடைத்திருந்த ஸ்பேனர்.

பாய் டாங்கியை வடித்துவிட்டுக் கட்கியிலிருந்து வேறு டீசல் வரவழைத்தார். புதன்கிழமை ஷிப்ட் முடிந்து நான் போனதும் அதை ஊற்றி ஓட்டினோம். அதே சுத்தியல். அதே கறுப்பு.

ஆக, டீசல் இல்லை. அது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. வாய்தான் திறக்கவில்லை.

அன்று திரும்பும்போது ஆற்றங்கரைப் பாதையில் தோண்டிபாவின் வண்டி நின்றிருந்தது. மாட்டை அவிழ்த்துவிட்டு அவர் நுகத்தடி மேல் உட்கார்ந்திருந்தார். பின்னால் இரண்டு டிரம், மூடியில் முத்திரை உடையாமல். கரும்புத் தோட்டக்காரர் ஒருவர் டீசல் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டதாக அடுத்த நாள் பாயே சொன்னார். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனேன். மணிகூட அடிக்கவில்லை.

குங்குமம்

புதன்கிழமையன்றே பாய் என்னை மில்லுக்குப் பின்னால் தனியே அழைத்துப் போயிருந்தார்.

"மாரியப்பா, தப்பா நெனைக்காதீரும். நம்ம சாமானப் பூசையில வச்சீருல்லா? குங்குமம் கிங்குமம் உள்ள போயிருக்குமோ?"

"கழுவிட்டுத்தான் பாய் போட்டேன்."

"செரி வே. மனசுல கெடந்துச்சு, கேட்டுட்டேன். பொட்டு வச்சதுக்குச் சொல்லல பாத்துக்கிடும். நம்ம என்ஜினுக்குப் பூ போட்டாங்களாம்னு எங்க வீட்டுல சந்தோசப்பட்டா."

அவர் குத்தமாகக் கேட்கவில்லை. ஆனாலும் வீட்டில் சொன்னபோது செண்பகத்தின் முகம் சின்னதாகிவிட்டது.

"அப்ப என் கை பட்டதாலதான்னு நெனைக்காகளா?"

"அப்படிச் சொல்லல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கழுவிட்டேன்னு சொன்னேன்."

"டீசல்காரர்கிட்ட?"

நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"மீசை போனா ஒரு மாசத்துல முளைச்சிரும்" என்றாள். "அவரு வண்டி நின்னுபோனா?"

மூடிக்கு நூல்

வியாழனும் வெள்ளியும் ஷிப்ட் முடிந்ததும் சாங்விக்குப் போய், இருட்டுவதற்குள் முடிந்ததைச் செய்தேன். பல்சக்கர மூடியைத் திறந்து குறிகள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்தேன். நின்றன. டீசல் தள்ளும் பம்பைப் பார்த்தேன். அடியில் போல்ட் எல்லாம் இறுக்கமாக இருந்தது. பாய் சுமை குறைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, புகையில் மாவு கறுக்கிறது என்று நிறுத்திவிட்டார். வரிசையில் நான்கைந்து பேர்தான் மிச்சம். நகரத்து மெக்கானிக்கைத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டதாக என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம், வேறு போக்கிடம் இல்லாமல், பஜாரில் அவர் கடைக்குப் போனேன்.

தீபாவளிக்கு அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து அத்தர் பூசிக்கொள்வது அந்த ஊர் வழக்கம். அதனால் பாய்க்கு அங்கேயும் வேலை. கால் மடக்கித் தரையில் உட்கார்ந்து அத்தர் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். பூவேலை செய்த கண்ணாடி பாட்டில்கள். எல்லாவற்றின் மூடியும் கழுத்தோடு சிவப்பு நூலால் கட்டப்பட்டிருந்தது. பல தடவை பார்த்ததுதான். அழகுக்குக் கட்டியது என்று நினைத்திருந்தேன்.

சும்மா உட்காரக் கூச்சமாக இருந்தது. நானும் இரண்டு பாட்டில்களை இழுத்து, நூலை அவிழ்த்து, இரண்டு மூடியையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு துடைக்க ஆரம்பித்தேன்.

"எப்பா, எப்பா. ஒண்ணொண்ணா வே." பாய் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "மூடி மாறிச்சின்னா தொலைஞ்சேன்."

"எல்லாம் ஒரே அளவுதான பாய்?"

"பாக்கத்தான் ஒரே அளவு. இந்த மூடிய இந்தக் கழுத்துக்குள்ள வச்சே அரைச்சு எடுத்திருக்கான். வேற கழுத்துல போட்டா ஒண்ணு இறுகிப் புடிச்சுக்கிடும், இன்னொண்ணு லொடலொடன்னு ஆடும். ரெண்டு பாட்டிலும் ஒழுகும். ஒரு மூடிதான மாறிச்சுன்னு நெனைப்பீரு, கெட்டது ரெண்டு சரக்கு."

நான் மூடிகளைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். ஒன்று இறுகும், ஒன்று ஆடும். ஒரு சிலிண்டர் சத்தம், ஒரு சிலிண்டர் புகை.

இரண்டுக்கும் பொதுவாகப் போனது டீசல் மட்டும் இல்லை. இரண்டும் பொதுவாக உட்கார்ந்திருந்த இடம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டுப் பித்தளைத் தாம்பாளம்.

"டீ சொல்லியிருக்கேன், எங்க போறீரு?" என்று பாய் கூப்பிட்டது பின்னால் கேட்டது.

வீட்டில் செண்பகத்திடம், அன்றைக்குத் தட்டில் எப்படி வைத்தாய் என்று கேட்டேன். அவள் இரண்டு டம்ளரையும் இரண்டு கரண்டியையும் எடுத்து வைத்துக் காட்டினாள். "குட்டையா இருக்கது இங்கன ரெண்டு, ஊசி இங்கன ரெண்டு. ஏன், தப்பா வச்சுட்டனா?"

"நீ வச்சதுல தப்பில்ல. நான் எடுத்ததுலதான்."

ஜோராத்

மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் பாயிடம் சாவி வாங்கிக்கொண்டு போனேன். நாசில்களைக் கழற்றி, வெளியிலேயே குழாயில் மாட்டி, ஹேண்டிலைச் சுற்றிப் பார்த்தேன். டீசல் பனியாகத் தெளிக்கவில்லை. ஒன்றில் குழந்தை வாயில் எச்சில் மாதிரி வடிந்தது, மற்றதில் கோடாக ஓடியது. முதல் நாளே இப்படிச் சுற்றிப் பார்த்திருந்தால் போதும். ஊசிகளை இடம் மாற்றினேன். இரண்டும் அவசரமில்லாமல், தங்கள் வீட்டுக்குள் போகிற மாதிரி இறங்கின. மறுபடியும் சுற்றினேன். 'கர்ர்க்' என்று தவளை கத்துகிற மாதிரி ஒரு சத்தம், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு பனி. இன்னொன்றும் அப்படியே. அந்த 'கர்ர்க்'கை இன்னும் நாலு தடவை, தேவையில்லாமல், கேட்டுக்கொண்டேன்.

இந்த விஷயம் அந்த இங்கிலீஷ் புத்தகத்திலேயே தடித்த எழுத்தில் இருந்தது என்று பிறகு ஃபேக்டரி கிளார்க் ஒருவர் படித்துச் சொன்னார். ஊசியும் உடலும் ஜோடி, மாற்றக் கூடாது என்று. அந்தப் பக்கத்தில் என் எண்ணெய் விரல் பதிந்திருந்தது. படத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் பூட்டி என்ஜினைக் கிளப்பும்போது பாய் வந்துவிட்டார். முதலில் ஒரு கொத்துப் புகை. அப்புறம் சாம்பல் நிறம். அப்புறம் புகைபோக்கி வாயில் வானம் கொஞ்சம் நெளிந்து தெரிந்தது, அவ்வளவுதான். டுக், டுக், டுக் என்று சீராக ஓடியது. தகரக் கதவு அசையவில்லை. சத்தம் ஊருக்குள் போயிருக்க வேண்டும். சிறிது நேரத்தில் டப்பாக்கள் வரத் தொடங்கின. வரிசை வேப்பமரம் வரை நீண்டது.

பாய் என் முதுகில் தட்டினார். "புது டீசல் இப்பத்தான் வேலை செய்யுது போல. பழசு உள்ள கொஞ்சம் தங்கியிருக்கும், இல்லையா வே?"

தலையை ஆட்டினால் போதும். தலையாட்டுவது எனக்குக் கைவந்த வேலை.

அப்போது பாதையில் மாட்டு மணி கேட்டது. தோண்டிபாவின் வண்டி. மில் பக்கம் திரும்பாமலே போய்க்கொண்டிருந்தது.

"இல்ல பாய்" என்றேன். "கொஞ்சம் இருங்க." என் கால்கள் பாதைக்குப் போய்விட்டன. வண்டிக்கு முன்னால் நின்று கையை நீட்டினேன். மாடு நின்றது. தோண்டிபா கயிற்றை இழுத்துப் பிடித்தார்.

என் மராத்தி அப்போது கடைக்கு மட்டும் போதுமானது. இருந்ததை வைத்துச் சொன்னேன். உங்கள் டீசலில் ஒரு குறையும் இல்லை. நான்தான் இரண்டு ஊசியை மாற்றிப் போட்டுவிட்டேன். "சூக் மாஜி ஹோதி." தப்பு என்னுடையது.

அவர் காதுக்குப் பக்கத்தில் கையை வைத்தார். "ஜோராத் போலா."

உரக்கச் சொல்லு என்கிறார். கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

அவர் வண்டியிலிருந்து இறங்கி, என் தோளைப் பிடித்து மெதுவாக மில் பக்கம் திருப்பினார். அங்கே வரிசை முழுவதும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. "எனக்குக் கேட்டுடுச்சு. அவங்களுக்குக் கேக்கல. அன்னைக்கு என்னைத் திட்டினது அவங்களுக்குக் கேட்டது. ஜோராத்."

வரிசையில் எத்தனை முகம் என்று எண்ணப் பார்த்தேன், முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஃபேக்டரிச் சங்கு மாதிரிக் கத்தினேன்:

"சூக் மாஜி ஹோதி. டீசல் சாங்லா ஆஹே."

தப்பு என்னுடையது, டீசல் நல்லது. கண்ணைத் திறந்தபோது என்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பிறகு, ரிப்பேர் பண்ணிட்டாங்க போல என்று சொன்ன அதே அம்மாள் சொன்னாள்: "அட, இவருக்குப் பேச வருமா?" வரிசை சிரித்தது. அது கேலிதான். ஆனால் கதவைச் சாத்துகிற கேலி இல்லை. அந்த அம்மாள்தான் கரும்புத் தோட்டக்காரர் வீட்டுக்காரி என்று அப்புறம் தெரிந்தது. "வீட்டுல சொல்றேன். நாளைக்கு டிரம்மைக் கொண்டு வா" என்று தோண்டிபாவிடம் சொல்லிவிட்டு டப்பாவை முன்னால் தள்ளினாள்.

பாய் மில் படியில் ஏறி நின்றார். "நானுந்தான அன்னைக்குக் கத்துனேன்" என்று எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, என்னைவிட மோசமான மராத்தியில், என்னைவிடச் சத்தமாக, தன் தப்பையும் சொன்னார். தோண்டிபா தொப்பியைக் கழற்றி, தூசு தட்டி, திரும்பப் போட்டுக்கொண்டார். டிரம்மை வண்டியிலிருந்து உருட்டி இறக்கும்போது, "அந்தப் புது டீசலை என்ன பண்றது?" என்றார் பாய்.

"மாட்டுக்கு ஆகாது" என்றார் தோண்டிபா.

நகரத்து மெக்கானிக்கை வர வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் செண்பகம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கத்துனீங்களா? நீங்களா?" என்றாள். "எனக்கு ஒரு தடவ கத்திக் காட்டுங்க."

காட்டினேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் கதவு திறந்தது.

அடுத்த வருஷத்திலிருந்து ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பாய் கடையிலிருந்து ஒரு சிவப்பு நூல்கண்டு வரும். ஊசியை அதனதன் உடலுக்குள் விட்டு நூலைச் சுற்றி, அதன் மேல்தான் செண்பகம் பொட்டு வைக்கிறாள். அந்த நாசில்கள் இன்றைக்கும் 'கர்ர்க்' என்று நன்றாகவே பேசுகின்றன.

சாங்விக்கு இப்போது மின்சாரம் வந்துவிட்டாலும் பாய் அந்த என்ஜினை மாற்றவில்லை. தோட்டங்கள் இன்னும் டீசலில்தான் இறைக்கின்றன. ஆற்றங்கரைப் பாதையில் எதிரே அந்த ஒற்றை மாட்டு வண்டி வந்தால், தோண்டிபா தூரத்திலேயே கையைக் காதில் வைத்துக்கொண்டு, "ஜோராத்" என்பார். நான் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, சுற்றிலும் யார் இருந்தாலும் சரி, உரக்க நமஸ்காரம் சொல்வேன்.